வாங்க என்று சொல்லக்கூடாத ஊர்

போர் முடிந்ததும் தென்கரையில் துப்பாக்கியைத் தடை செய்தார்கள். அடுத்த வாரம் ஏவல் வினையைத் தடை செய்தார்கள்.

வா, போ, உட்கார், சாப்பிடு எதையும் பொது இடத்தில் சொல்லக்கூடாது. ‘வாங்க’, ‘உட்காருங்க’ என்று மரியாதை சேர்த்துச் சொன்னாலும் விடமாட்டார்கள். மரியாதையான கட்டளையும் கட்டளைதான் என்பது சட்டத்தின் கருத்து. விருந்தாளி வந்தால் “வந்தது சந்தோஷம்” என்று சொல்லிவிட்டு, அவரையும் நாற்காலியையும் மாறி மாறிப் பார்க்க வேண்டும். அவராகப் புரிந்துகொண்டு உட்கார்ந்தால் உண்டு.

டாக்டர் பிரிசில்லா ஞானமுத்து வடகரையிலிருந்து வந்து இறங்கிய அன்றே சட்டத்தை மீறினார். ரயில் நிலையத்தில் ஒருவர் மூட்டையோடு வழியை மறித்து நின்றிருந்தார். “கொஞ்சம் தள்ளுங்க” என்றார் டாக்டர். அந்த மனிதர் உடனே மூட்டையைக் கீழே போட்டுவிட்டு, பக்கத்தில் நின்ற சரக்கு வண்டியைத் தள்ளத் தொடங்கினார். வண்டி அசையவில்லை. அவரும் விடவில்லை.

வரவேற்க வந்திருந்த மறுசீரமைப்பு ஆணையர் தணிகாசலம் மூச்சிரைக்க ஓடிவந்தார். “தள்ளினது போதும் ஐயா. இப்ப நிறுத்தினா ரொம்ப நல்லா இருக்கும்” என்று கெஞ்சினார். அந்த மனிதர் நின்று, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, டாக்டரை ஒரு பார்வை பார்த்தார். கோபமாகக்கூட இல்லை. பழகிப்போன பார்வை. அது டாக்டருக்கு வலித்தது.

செவ்வாய்க் கிரகத்தின் பெரும்பிளவுக்கு இரண்டு கரைகள். இரண்டும் சேர்ந்து ஒரே நாடு. மூச்சுவிடும் காற்றைத் தருகிற பாசி, தென்கரையின் கண்ணாடிக் கூரைகளுக்கு அடியில்தான் செழித்து வளர்ந்தது. பாசித் தோட்டத்து முதலாளிகள் வேலையாட்களின் காதுக்குப் பின்னால் ஒரு சிறு மணியைப் பதித்தார்கள். இணங்கி என்று பெயர். கட்டளை காதில் விழுந்ததும் மனம் யோசிப்பதற்குள் உடம்பு கிளம்பிவிடும். பிறக்கும் குழந்தைக்கும் மணி. அது வளர்ந்து பெறும் குழந்தைக்கும் மணி. இது அடிமைத்தனம் என்றது வடகரை. இது நிர்வாகம் என்றது தென்கரை. தென்கரை தனி நாடு என்று அறிவித்தது. சண்டை மூண்டது. பல ஊர்களின் கூரை உடைந்தது. கடைசியில் வடகரை ஜெயித்து, மணிகளையெல்லாம் பிடுங்கிப் போட்டது.

“அதான் டாக்டர், மணியை எடுத்தாச்சே. இன்னும் ஏன் இப்படி?” என்று வண்டியில் போகும்போது கேட்டார் ஆணையர்.

“மணி சொல்லிக்கொடுத்ததை நரம்பு இன்னும் மறக்கல சார். வண்டி போயிருச்சு, தடம் அப்படியே கிடக்கு.”

“அந்தத் தடத்துல யார் வேணும்னாலும் ஓட்டலாம்ங்கறதுதான் பிரச்சினை. ஒரு டீக்கடைக்காரன் பழக்க தோஷத்துல ‘வாங்க வாங்க’ன்னு கூப்பிட்டுட்டான். கடை முழுக்க ஆள். ஒருத்தரும் டீ குடிக்கல. குடிங்கன்னு அவன் சொல்லலையே. போன மாசம் வானொலியில ‘தொடர்ந்து கேளுங்கள்’னு சொல்லித் தொலைச்சாங்க. ராத்திரி வரைக்கும் ஒரு தெருவே எந்திரிக்கல.”

“அவங்களுக்குள்ளயே பேசிக்கும்போது?”

“அதுவும்தான். அண்ணன் தம்பி ரெண்டு பேரு தண்ணி எடுக்கறதுக்குச் சண்டை. நீ போன்னான் இவன். நீ போன்னான் அவன். ரெண்டு பேரும் போய் எடுத்துட்டு வந்தாங்க.”

டாக்டர் சிரித்தார். ஆணையரும் சிரித்தார்.

முதலாளிகள் சீட்டாடிக்கொண்டிருந்த பழைய கிளப்தான் இப்போது பயிற்சி மையம். அங்கே மட்டும், சிகிச்சைக்காக, கட்டளை இட அனுமதி உண்டு. முதல் நாள் முன்வரிசையில் வந்து உட்கார்ந்தவர் வடிவாம்பாள். பாசி உலர்த்தும் கொட்டகையில் பிறந்து அங்கேயே வேலை பார்த்தவர். முப்பத்தைந்து வயதிருக்கும். யாரையும் நேராகப் பார்த்துப் பேசுகிற கண்கள்.

“கையைத் தூக்குங்க” என்றார் டாக்டர் மெல்ல.

அறையில் இருந்த அத்தனை கைகளும் மேலே போயின.

வடிவாம்பாள் தன் கையை அண்ணாந்து பார்த்தார். “பாருங்க டாக்டரம்மா, போயிருச்சு. இந்தக் கை என் பேச்சைக் கேக்கவே மாட்டேங்குது.”

“இப்ப நீங்க ஒரு வார்த்தையைச் சொல்ல முயற்சி பண்ணலாம். ‘மாட்டேன்.’”

“மாட்டான். மாட்டா. மாட்டாங்க. மாட்டாது.” வடிவாம்பாள் மூச்சை இழுத்துக்கொண்டார். “மாட்டே… மாட்டே…” நாக்கு அங்கேயே நின்றுவிட்டது. “ஊர்ல எல்லாருக்காகவும் மறுத்துட்டேன். எனக்கு மட்டும் வரல.”

பின்வரிசையில் ஒரு கிழவர் விழுந்து விழுந்து சிரித்தார். அவருக்கும் வரவில்லை.

இப்படியே வாரங்கள் போயின. ஒரு மத்தியானம் ஆணையர் டாக்டரைத் தன் அறைக்கு அழைத்தார். தேர்தல் வரப்போகிறது. விடுதலையானவர்களுக்கு ஓட்டுரிமை தரலாமா என்று வடகரைச் சட்டசபையில் பெரிய விவாதம். யார் சொன்னாலும் கேட்கிறவர்களுக்கு ஓட்டு எதற்கு, கட்டளை போடுகிறவனுக்கல்லவா அந்த ஓட்டு போகும் என்று கேட்டிருக்கிறார்கள். அதனால் ஒரு பரீட்சை. அதிகாரி ஒருவர் வந்து, பழைய முதலாளியைக் கொண்டே கட்டளை போட வைப்பார். மறுப்பவர்களுக்கு ஓட்டு. பணிந்துபோனால் இல்லை.

“முதலாளி குரலா?” டாக்டர் எழுந்துவிட்டார். “என் குரலுக்கே கை தூக்கறாங்க. அந்தக் குரலுக்குத்தான் மணியையே பழக்கியிருந்தாங்க.”

“ஒரு வழி இருக்கு.” ஆணையர் குரலைத் தாழ்த்தினார். “நீங்க அவங்ககிட்ட ஒரே ஒரு தடவை சொல்லுங்க. ‘பரீட்சையில என்ன சொன்னாலும் மாட்டேன்னு சொல்லு.’ அவ்வளவுதான். நீங்க சொன்னா செய்வாங்க. நாக்குகூடக் கேக்கும், கட்டளையாச்சே.”

டாக்டர் அவரையே பார்த்தார். “அப்ப அவங்க எனக்கு அடங்கி மறுப்பாங்க.”

“மறுத்தா சரிதானே.”

“நாளைக்கு இன்னொருத்தன் வந்து எனக்கே ஓட்டுப் போடுன்னு சொல்வான்.”

“அதை அடுத்த தேர்தல்ல பாத்துக்கலாம் டாக்டர். முதல்ல ஓட்டு கையில வரட்டும். இப்ப விட்டா சட்டசபை இன்னொரு தலைமுறைக்கு இந்தப் பேச்சையே எடுக்காது.”

ஆணையர் கெட்டவர் அல்ல. போரில் ஒரு கண்ணை இழந்தவர், இந்த மனிதர்களுக்காகவே. அதனால்தான் டாக்டரால் அந்த யோசனையை எளிதில் உதற முடியவில்லை. அன்று மையத்தில் பலமுறை அந்த வாக்கியம் அவர் நுனிநாக்கு வரை வந்தது. ஒருமுறை சொன்னால் போதும். முன்வரிசையில் வடிவாம்பாள் ‘மாட்டே… மாட்டே…’ என்று முகம் சிவக்க முட்டிமோதிக்கொண்டிருந்ததைப் பார்த்தார். வாக்கியத்தை விழுங்கிவிட்டார்.

“அந்த முதலாளியை இங்க வரவழைக்க முடியுமா சார்?” என்று மறுநாள் ஆணையரிடம் கேட்டார். “எந்தக் குரலை மறுக்கணுமோ அதை வச்சே பழகட்டும்.”

முதலாளி மாசிலாமணி துரை, அழைத்த அன்றே வந்துவிட்டார். தோட்டம் போய், வேலையாட்கள் போய், இப்போது ஒற்றை அறையில் தனியாகக் குடியிருந்தார். நீதிமன்றம் அவருக்குச் சிறைக்குப் பதில் மறுசீரமைப்புச் சேவை விதித்திருந்தது. அவருடைய நீளக் கோட்டில் பாதிப் பொத்தான்கள் இல்லை. மீதிப் பொத்தான்கள் மாற்றி மாட்டப்பட்டிருந்தன. வாழ்நாளில் அவர் பொத்தானைத் தானே போட்டுக்கொண்டது கிடையாது.

“நான் என்ன செய்யணும்?”

“கட்டளை போடணும்.”

துரையின் முகம் பண்டிகை நாள் போல மலர்ந்தது. நெஞ்சை நிமிர்த்தி, “எந்திரி” என்றார். அறை முழுவதும் எழுந்தது. தாழ்வாரத்தில் பெருக்கிக்கொண்டிருந்தவர் ஏற்கனவே நின்றுகொண்டிருந்தார். இன்னும் கொஞ்சம் எழ முயன்று எக்கி நின்றார்.

“ஆகா” என்றார் துரை, கண்ணை மூடிக்கொண்டு. “வீட்ல கெட்டில்கிட்டதான் பேசிட்டிருக்கேன் டாக்டர். கொதின்னு சொன்னா அது கொதிக்கவே மாட்டேங்குது.”

டாக்டருக்கு அவரை அறவே பிடிக்கவில்லை. ஆனால் தினமும் வரச்சொன்னார். எழுந்திரு, உட்கார், திரும்பு, குனி. சில நாட்களில் துரைக்கே அலுத்துவிட்டது. “இவங்க குனிஞ்சு நிமிர்றதால எனக்கு என்ன வந்துச்சு? ஒரு காப்பிகூட வரல” என்று அலுத்துக்கொண்டார். ஒருவருக்கும் குணமாகவும் இல்லை.

பரீட்சை நெருங்கிய சமயத்தில், பயிற்சியின் நடுவில் வடிவாம்பாள் பேசினார்.

“துரை, எனக்கு வேற ஒரு கட்டளை வேணும். கொம்பையாகிட்ட கடைசியாச் சொன்னது.”

“கொம்பையாவா? யார் அது?”

“என் வீட்டுக்காரர். தோட்டத்து வாசல்ல காவல் நின்னவர்.” வடிவாம்பாளின் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. “பீரங்கி கிட்ட வந்த அன்னைக்கு நீங்க நிலவறைக்குப் போனீங்க. போற வழியில அவர்கிட்ட, ‘இங்கயே நில்லு, நான் வர்ற வரைக்கும் நகராத’ன்னீங்க. என்கிட்ட, ‘கொட்டகையை விட்டு வெளிய வராத’ன்னீங்க. அப்புறம் கூரை உடைஞ்சு காத்தெல்லாம் போயிருச்சு. நிலவறைக் கதவு அவருக்குப் பத்தடி தூரம். அவர் நகரல. கொட்டகைக்குள்ள காத்து இருந்துச்சு. நான் கண்ணாடி வழியாப் பாத்துட்டே நின்னேன். நானும் வெளிய வரல.”



“நான்… மறந்துட்டேன்” என்றார் துரை. “அவன் அங்க நிக்கறதையே மறந்துட்டேன்.”

“தெரியும். இப்ப அதை எனக்குச் சொல்லணும். கேட்டுட்டு நான் நடக்கணும்.”

“மாட்டேன்” என்றார் துரை.

எல்லோரும் திகைத்து அவரைப் பார்த்தார்கள். மாதக்கணக்கில் முட்டிமோதியும் இந்த அறையில் யாருக்கும் வராத சொல். “எவ்வளவு சுளுவா வருது பாரு” என்றார் பின்வரிசைக் கிழவர். அவர் பாரு என்று சொன்னதால் எல்லோரும் இன்னொரு முறை பார்த்தார்கள்.

“சொல்லுங்க துரை” என்றார் வடிவாம்பாள். “உங்களுக்கென்ன, நான் சொல்றதைக் கேக்கணும்னு மணியா இருக்கு? கேக்காமலும் போகலாம். ஆனா சொல்லுங்க.”

துரை டாக்டரைப் பார்த்தார். டாக்டர் வடிவாம்பாளைக் காட்டினார். அது வடிவாம்பாளின் முடிவு.

“இங்கயே நில்லு” என்றார் துரை, குரல் உடைந்து. “நகராத.”

வடிவாம்பாள் நின்றார். ஒரு காலை எடுத்து வைக்க முயன்றது முகத்தில் மட்டுமே தெரிந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. நெற்றியிலிருந்து வியர்வை வழிந்து கண்ணுக்குள் இறங்கியது, இமைக்கவில்லை. மரம்போல நின்றார். ஜன்னல் வெயில் அவர் காலிலிருந்து சுவருக்கு நகர்ந்துவிட்டது. டாக்டர் எழுந்து போய் அவர் தோளைத் தொட்டார். தோள் கல்லாக இருந்தது.

துரையால் தாங்க முடியவில்லை. “போ” என்று கத்தினார். “போயிரும்மா, போ.”

ஒரே குரல். நில் என்றது, போ என்கிறது. வடிவாம்பாளின் உடம்பு இங்குமங்கும் இழுபட்டு நடுங்கியது. முழங்கால் முன்னே போனது, பின்னே வந்தது. பிறகு நடுக்கம் நின்றது. அவர் மெல்லத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

உட்காரும்படி அங்கே யாரும் சொல்லியிருக்கவில்லை. டாக்டருக்கு இது புரியச் சற்று நேரம் பிடித்தது. வடிவாம்பாளுக்கு முன்பே புரிந்துவிட்டது.

“கால் வலிச்சுச்சு” என்றார் அவர், தன் கால்களைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு. “அதான் உக்காந்தேன்.”

டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் திரும்பினார்.

மறுநாளிலிருந்து கட்டளைகள் ஜோடியாக வந்தன. ஒரு பக்கம் துரை, மறுபக்கம் ஆணையர். ஒருவர் எழுந்திரு என்பார், மற்றவர் படு என்பார். இரண்டு கட்டளைகளும் முட்டிக்கொண்டு நிற்கிற அந்த இடைவெளியில் ஒவ்வொருவரும் தன் சொந்தக் காரியத்தைச் செய்தார்கள். ஒருவர் முதுகைச் சொறிந்துகொண்டார். ஒரு பெண் பாட ஆரம்பித்தார். பின்வரிசைக் கிழவர் டீ குடிக்கப் போய்விட்டார். இடைவெளி நாளுக்கு நாள் அகலமாயிற்று. பிறகு ஒற்றைக் கட்டளைக்கு முன்னாலும் அது விழத்தொடங்கியது.

பரீட்சை அதிகாரி மரகதவல்லி வடகரையிலிருந்து வந்தார். கறாரான பெண்மணி. அவர் உட்கார்ந்த விதத்திலேயே ஆணையர் கொஞ்சம் குனிந்துவிட்டார். கிளப் மண்டபம் நிரம்பியிருந்தது. வெளியே கூரையைச் செப்பனிடும் சத்தம்.

“சத்தமா இருக்கு. அந்தக் கதவைச் சாத்துங்க” என்றார் அதிகாரி, யாரையும் குறிப்பாகப் பார்க்காமல்.

மண்டபத்தில் ஒருவரும் அசையவில்லை. ஆணையர் தணிகாசலம் குதித்தெழுந்து ஓடிப்போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

முதலில் வடிவாம்பாள் முன்னே வந்து உட்கார்ந்தார். அதிகாரி சைகை காட்டினார்.

“எந்திரி” என்றார் துரை.

வடிவாம்பாள் உட்கார்ந்தே இருந்தார். முந்தானையைச் சரிசெய்துகொண்டார்.

“நல்லது” என்றார் அதிகாரி. “அடுத்த கட்டளை.”

“அதுக்கு முன்னாடி ஒரு சந்தேகம் அம்மா. துரைக்கு ஓட்டு இருக்கா?”

“இருக்கு. விசுவாசப் பிரமாணம் எடுத்திருக்காரே.”

“எங்களை இப்படியே வச்சுக்கணும்னு சண்டை போட்டவர். நாட்டையே உடைக்கப் பாத்தவர். அவர் வாயால ஒரு வரி சொன்னதும் ஓட்டு வந்துருச்சு. நாங்க எதையும் உடைக்கல. எங்களுக்கு எதுக்குப் பரீட்சை?”

“அது சட்டசபை உத்தரவு.”

“உத்தரவுன்னா செஞ்சுருவீங்களா அம்மா?”

வடிவாம்பாள் ஆணையர் பக்கம் மரியாதையோடு கை காட்டினார். “ஐயா இப்ப ஓடிப்போய்க் கதவைச் சாத்தினாரே, அவருக்கு ஓட்டு இருக்கா?”

மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. ஆணையர் தான் சாத்திய கதவைத் திரும்பிப் பார்த்தார், யாரோ வேறு ஒருவர் செய்த காரியம்போல. பிறகு அவருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

“இந்தப் பரீட்சையை நான் எழுத மாட்டேன்” என்றார் வடிவாம்பாள்.

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. ஒரு கணம் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு எழுந்து, கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார். ஒவ்வொருவராகப் பின்தொடர்ந்தார்கள். யாரும் வரும்படி சொல்லியிருக்கவில்லை. சிலர் போகவும் இல்லை. டீ வரும் என்று காத்திருந்தார்கள்.

காலி நாற்காலிக்கு எதிரே மரகதவல்லி தனியாக உட்கார்ந்திருந்தார். “மறுத்தா தேர்ச்சின்னு விதி” என்றார் டாக்டரிடம். “பரீட்சைக்கு வராட்டா தோல்வின்னும் விதி. பரீட்சையையே மறுத்தா என்னன்னு யாரும் சொல்லி அனுப்பல.”

“நீங்களே யோசிக்கலாமே” என்றார் டாக்டர்.

அவர் யோசித்தார். ஊர் திரும்பி, இந்தப் பரீட்சையை இனி எந்த ஊரிலும் நடத்தப்போவதில்லை என்று சட்டசபையின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். வேலை போயிற்று. சட்டசபையில் நாற்காலிகள்கூடப் பறந்தன என்கிறார்கள். கடைசியில் ஒரு சில ஓட்டு வித்தியாசத்தில் பரீட்சை கைவிடப்பட்டது.

தேர்தல் அன்று வரிசை தெருமுனை வரை நின்றது. இன்ன வேட்பாளருக்குப் போடு என்று கத்திக்கொண்டு ஒரு வண்டி இரண்டு தடவை வந்து போனது. வரிசையில் இருந்தவர்கள் அதை வேடிக்கை பார்த்தார்கள். வடிவாம்பாளுக்குப் பின்னால் மாசிலாமணி துரை நின்றார். முன்பு இந்த ஊரில் அவர் எதற்கும் வரிசையில் நின்றதில்லை. கோட்டுப் பொத்தான்கள் இப்போது ஓரளவு சரியாக இருந்தன.

நெடுநேரம் தொண்டையைச் செருமிக்கொண்டே இருந்தார். வடிவாம்பாள் சாவடிக்குள் நுழையவேண்டிய நேரம் வந்தபோதுதான் அவருக்கு வாய் வந்தது.

“வடிவு. கொம்பையா விஷயத்துல என்னை மன்னிச்சிரு.”

பக்கத்தில் நின்ற காவலர் சட்டென்று நிமிர்ந்தார். பொது இடத்தில், சாட்சியோடு, சுத்தமான ஏவல் வினை. குறிப்பெடுக்கப் பைக்குள் கைவிட்டார். அவரைப் பொறுக்கும்படி வடிவாம்பாள் கையமர்த்தினார்.

அந்தக் குரல் அவர் உடம்புக்குள் பழைய தடத்தைத் தேடிக்கொண்டு போவது அவருக்கே தெரிந்தது. சரி துரை என்ற சொல் தொண்டைவரை வந்து நின்றது. அவர் அவசரப்படவில்லை. அது வந்த வழியே திரும்பிப் போகும்வரை காத்திருந்தார்.

பிறகு துரையைத் திரும்பிப் பார்த்தார்.

“யோசிச்சுச் சொல்றேன்” என்று சொல்லிவிட்டு ஓட்டுப் போட உள்ளே போனார்.